108 முக்காற்புள்ளிகள்: சமஸ்கிருதத்தைத் தானாகப் படிக்கத் தொடங்குபவருக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் நான் வேலை பார்க்கும் கடையில் போட்டோகொப்பி, டைப்பிங், லெமினேட்டிங் எல்லாம் செய்வோம். தை பிறந்துவிட்டால் பாதி வேலை கோயில் வேலையாகிவிடும். ஒவ்வொரு தேயிலைத் தோட்டமாகத் திருவிழா வரும், ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸ். அப்படி ஒரு வருடம், கும்பாபிஷேகத்துக்காக அம்மனின் 108 நாமங்களைச் சின்னப் புத்தகமாக அடிக்கக் கொடுத்தார்கள். குருக்கள் கைப்பட எழுதிய கொப்பி. 108 வரியும் ‘நம:’ என்றே முடிந்தன. அந்த இரண்டு புள்ளி என் கண்ணை உறுத்தியது. முக்காற்புள்ளி என்றால் அதற்குப் பிறகு ஏதாவது வரவேண்டுமே, இங்கே வரியே முடிந்துவிடுகிறதே என்று யோசித்தேன். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் 108ஐயும் அழித்துவிட்டேன். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருந்தது.

புரூஃப் பார்க்க வந்த குருக்கள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, இது புள்ளியில்ல, எழுத்து. நீ பாட்டுக்கு எடுத்துட்டியே.”

திட்டவில்லை. நான் திரும்பப் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிறாரே என்று கேட்டேன்: “ஐயா, முதல் பக்கத்துல பிள்ளையாருக்கு ஆய, ஆயன்னு வருது. அம்மனுக்கு மட்டும் ஏன் யை, யைன்னு வருது?”

“அது நாலாம் வேற்றுமை. நீ சாதாரணதரப் பரீட்சைக்குத் தமிழ் இலக்கணம் படிச்சிருப்பியே?”

படித்திருந்தேன். ‘கு’ உருபு, கொடைப்பொருள், இரண்டு மார்க்ஸ் கேள்வி. ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தொடர்பைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். நான் பண்டிதன் இல்லை. ஆசிரியர் இல்லாமல் கொப்பியும் ஃபோனுமாக ஒன்றரை வருடம் தடுமாறியவன், அவ்வளவுதான்.

தனியாகப் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் இரண்டு. ஒன்று, தேவநாகரி எழுத்து. மற்றது, ‘ராம:, ராமௌ, ராமா:’ என்று போகும் அட்டவணை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். பிறகு ஒரு சுலோகத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அட்டவணையில் குற்றம் இல்லை. எதற்காக அது இருக்கிறது என்று தெரியாமல் மனப்பாடம் செய்ததுதான் பிழை. சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் கொத்தாக இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன்.

‘தமிழனுக்கு எதற்கு இந்த வேலை’ என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு மொழியைத் தலையில் வைத்து இன்னொன்றைக் காலில் போட்டு மிதித்த கதை நமக்குப் புதிதில்லை. மலையகத்தில் பலர் சிங்களம் படித்தது ஆசைப்பட்டு அல்ல, அரசாங்கக் கச்சேரியிலும் பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை நடக்கவேண்டும் என்பதற்காக. சமஸ்கிருதத்தை யாரும் என் மேல் திணிக்கவில்லை. தினமும் காதில் விழுவது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவே.

கலண்டரில் தொங்கும் வேற்றுமைகள்

சரி, வேற்றுமை. ‘அம்மா’, ‘கொழுந்து’, ‘கிள்ளு’ என்று மூன்று சொல்லை மட்டும் வைத்தால் யார் யாரை என்ன செய்தார் என்பது ஊகம்தான். ‘கொழுந்தை’ என்று ஓர் ஐ சேர்த்ததும் சந்தேகம் தீர்கிறது. பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டி, அந்தப் பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று காட்டும் இந்த ஒட்டுத்தான் வேற்றுமை உருபு. செய்பவன், செய்யப்படுவது, கருவி, பெறுபவர், பிரியும் இடம், உடையவர், இருக்கும் இடம், கூப்பிடும் பெயர். தமிழில் மொத்தம் எட்டு. சமஸ்கிருதத்திலும் எட்டு. வரிசையும் அதேதான்.

சமஸ்கிருதத்தில் இவற்றுக்குத் தனிப் பெயர் கிடையாது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கொண்டு போவார்கள்: பிரதமா, த்விதீயா, த்ருதீயா, சதுர்த்தீ, பஞ்சமீ, ஷஷ்டீ, சப்தமீ. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். பிரதமை, துவிதியை, திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி. திதிகளின் பெயரும் வேற்றுமைகளின் பெயரும் ஒரே எண்ணுச்சொற்கள். விநாயகருக்குச் சதுர்த்தி, முருகனுக்குச் சஷ்டி என்று விரதம் இருக்கிறவருக்கு, நாலாம் வேற்றுமைக்குச் சதுர்த்தி என்றும் ஆறாம் வேற்றுமைக்குச் சஷ்டி என்றும் பெயர் என்று சொன்னால் அப்புறம் மறக்காது.

எட்டாவதுக்கு அஷ்டமி என்று பெயர் வந்திருக்கவேண்டும், வரவில்லை. கூப்பிடும் வேற்றுமையைச் சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் தனியாக எண்ணாமல் முதலாவதின் ஒரு வகையாக வைத்து, ‘சம்போதனம்’ என்று அழைத்தார்கள். தொல்காப்பியமும் முதலில் வேற்றுமை ஏழு என்று சொல்லிவிட்டு, விளியையும் சேர்த்தால் எட்டு என்கிறது. இரண்டு மரபும் இதே இடத்தில் வந்து தயங்கி நிற்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இப்போது ‘சிவ’ என்ற சொல்லை ஒருமையில் மட்டும் ஓட்டிப் பார்ப்போம்.

சிவ: – சிவன்
சிவம் – சிவனை
சிவேன – சிவனால்
சிவாய – சிவனுக்கு
சிவாத் – சிவனிடமிருந்து
சிவஸ்ய – சிவனுடைய
சிவே – சிவனிடத்தில்
ஹே சிவ – சிவனே

இதை மனப்பாடம் செய்யாதீர்கள். இந்த எட்டில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கின்றன. எங்கே என்று தேடுவதுதான் முதல் பாடம்.

நாலாவதை அர்ச்சனையிலேயே பிடித்துவிட்டோம். ‘நம:’ என்றால் வணக்கம். வணக்கம் யாருக்கு? அந்த ‘கு’தான் ஆய. ‘சுமுகாய நம:’, ‘ஏகதந்தாய நம:’, ‘ஷண்முகாய நம:’ என்று அகரத்தில் முடியும் ஆண்பால் பெயர்கள் எல்லாம் ‘ஆய’ எடுக்கும். ‘துர்கா’ மாதிரி ஆகாரத்தில் முடியும் பெண்பால் பெயர் ‘துர்காயை’ ஆகும். தேவீ என்பது ‘தேவ்யை’. இகரத்தில் முடியும் கணபதி ‘கணபதயே’. உகரத்தில் முடியும் விஷ்ணு ‘விஷ்ணவே’, குரு ‘குரவே’. ஆக, அர்ச்சனை நடக்கும்போது அங்கே நின்று ஒரே வேற்றுமையை 108 தடவை கேட்கிறீர்கள். இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு எங்கே கிடைக்கும்?

அதே அர்ச்சனையில் இன்னொரு இடம் இருக்கிறது. தட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொன்னதும் குருக்கள் வேகமாக ஒன்று சொல்வாரே, கவனித்திருக்கிறீர்களா? என் நட்சத்திரம் ரோகிணி. அவர் சொல்வது இப்படி வரும்: ‘ரோஹிணீ நக்ஷத்ரே, வ்ருஷப ராசௌ, ஜாதஸ்ய’, பிறகு என் பெயர், பிறகு ‘நாமதேயஸ்ய’. அப்புறம் ‘ஸஹ குடும்பானாம்’ என்று தொடங்கி க்ஷேம, ஸ்தைர்ய, தைர்ய என்று நீளும். பல வருடம் இதை மணியோசை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றவன், ஒரு வெள்ளிக்கிழமை முதல் தடவையாகப் பிரித்துக் கேட்டேன். நக்ஷத்ரே: நட்சத்திரத்தில். ஏழாவது. ராசௌ: ராசியில். அதுவும் ஏழாவது, ஆனால் சொல் இகரத்தில் முடிவதால் உருபு மாறி வந்திருக்கிறது. ஜாதஸ்ய: பிறந்தவனுடைய. ஆறாவது. நாமதேயஸ்ய: இன்ன பெயருடையவனுடைய. மறுபடி ஆறாவது. குடும்பானாம்: ஆறாவதின் பன்மை. அடுத்து நின்ற அக்காவுக்குச் சொன்னபோது ‘ஜாதஸ்ய’ போய் ‘ஜாதாயா:’ வந்தது, பெண் என்பதால். விபூதியைக் கையில் வாங்கிக்கொண்டு பூசாமல் நின்றேன்.

இரண்டாவது வேற்றுமைக்குப் பன்சலைப் பக்கம், அதாவது பௌத்த விகாரைப் பக்கம் போகவேண்டும். போய என்கிற பௌர்ணமி தினத்தில் ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்காதவர் இந்த நாட்டில் யார்? ‘புத்தம் சரணம் கச்சாமி.’ இது பாளி. பாளி வேறு மொழி, ஆனால் சமஸ்கிருதத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். புத்த என்ற பெயரில் ஒட்டிய அம், நம்முடைய ஐ. புத்தரைச் சரணாகச் சென்றடைகிறேன். ‘கச்சாமி’ சமஸ்கிருதத்திலும் கச்சாமிதான்: நான் போகிறேன். கச்சஸி என்றால் நீ போகிறாய், கச்சதி என்றால் அவன் அல்லது அவள் போகிறாள். ஒரு வினைச்சொல்லின் மூன்று இடமும் கிடைத்துவிட்டது. அடுத்த சுற்று ‘துதியம்பி’ என்று தொடங்கும், அதற்கடுத்தது ‘ததியம்பி’. இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும். கலண்டரின் துவிதியையும் திருதியையும்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன.

எங்கள் கடைக்குப் பிரதி எடுக்க வரும் ஒரு ஹாமுதுருவிடம், அதாவது பௌத்த பிக்குவிடம், ‘நமோ தஸ்ஸ’ என்பதில் வரும் ‘ஸ்ஸ’ என்னவென்று கேட்டேன். சமஸ்கிருதத்தில் ‘தஸ்ய’, பாளியில் அது ‘தஸ்ஸ’ ஆகிறது என்றார். குருக்கள் சொன்ன ஜாதஸ்யவின் அதே ‘ஸ்ய’. பிக்குகள் படிக்கும் பிரிவெனாக்களில் பாளியோடு சமஸ்கிருதமும் படிப்பிக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. உங்கள் ஊரில் பன்சலை இருந்தால், கூச்சப்படாமல் கேட்கலாம். எனக்கு ஒரு தேத்தண்ணியும் கிடைத்தது.

ஐந்தாவது கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. பத்திரிகையில் வரும் ‘பலாத்காரம்’ என்ற சொல்லை உடைத்தால் பலாத் + கார. பலாத் என்றால் பலத்திலிருந்து, பலத்தினால். ஐந்தாம் வேற்றுமை. பெரியவர்கள் ‘அகஸ்மாத்தாகச் சந்தித்தேன்’ என்பார்களே, அந்த அகஸ்மாத்தும் ஐந்தாவதுதான்: எதிலிருந்தும் வராமல், காரணமில்லாமல்.

எங்கே வழி பிரிகிறது

இவ்வளவு ஒற்றுமையைக் காட்டியபிறகு வேற்றுமையையும் சொல்லாவிட்டால் ஏமாற்றுவேலை.

தமிழ்ச் சொல் ஹட்டன் ஸ்டேஷனில் நிற்கும் ரயில் மாதிரி. குடும்பம், கள், உடைய என்று பெட்டி பெட்டியாகக் கொளுவலாம், கழற்றலாம். ஒருமைக்கும் பன்மைக்கும் அதே ‘உடைய’தான். சமஸ்கிருதச் சொல் ரொட்டி மாதிரி. மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து தட்டியாயிற்று, இனிப் பிரிக்கமுடியாது. ‘ஸ்ய’ என்பதற்குள் ஆறாம் வேற்றுமை, ஒருமை என்ற இரண்டும் கலந்திருக்கின்றன. பன்மைக்கு ‘ஸ்ய’வோடு ஒன்றைச் சேர்க்கமுடியாது. அது ‘ஆனாம்’ என்று வேறாகவே வரும். இந்த ஒரு விஷயம் மனதில் பதியாததால்தான் நான் மூன்று மாதம் வீணாக்கினேன்.

அடுத்தது இருமை. தமிழில் ஒன்று, பல என்று இரண்டுதான். சமஸ்கிருதத்தில் ஒன்று, இரண்டு, பல. கண்கள், கைகள், தாய் தந்தையர் என்று சோடியாக வருவதற்குத் தனி வடிவம் உண்டு. இதனால் எட்டு வேற்றுமையும் மூன்று எண்ணும் பெருக்கி ஒவ்வொரு பெயருக்கும் 24 கட்டம். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ‘சிவ’ என்பதற்கு எண்ணிப் பார்த்தேன், வெவ்வேறான வடிவம் 17தான். இருமையில் எட்டுக் கட்டத்தை மூன்றே வடிவம் பங்குபோட்டுக்கொள்கின்றன. தொடங்குபவர் இருமையை ஆறு மாதத்துக்குத் தொடாமல் விட்டாலும் ஒன்றும் குறையாது.

பால்தான் உண்மையான தலைவலி. தமிழில் பால் பொருளைப் பார்த்து வரும்: மனிதனென்றால் ஆண் அல்லது பெண், மரமும் மாடும் அஃறிணை. சமஸ்கிருதத்தில் பால் சொல்லுக்குச் சொந்தம், பொருளுக்கு அல்ல. மரம் (வ்ருக்ஷ:) ஆண்பால். கொடி (லதா) பெண்பால். பழம் (பலம்) இரண்டுமில்லாத நபும்சகம். நண்பன் என்ற ‘மித்ரம்’ கூட நபும்சகம். உச்சம் எது தெரியுமா? மனைவிக்கு மூன்று சொல். மரண அறிவித்தலில் ‘அன்புப் பாரியார்’ என்று போடுகிறோமே, அந்தப் பார்யா பெண்பால். சரி, நியாயம். ‘இரண்டாம் தாரம்’ என்கிறோமே, அந்தத் ‘தார’ ஆண்பால், அதுவும் எப்போதும் பன்மையில் வரும். சாதகத்தில் ‘களத்திர தோஷம்’ என்கிறார்களே, அந்தக் களத்ரம் நபும்சகம். ஒரே மனைவி, மூன்று பால். ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், புதுச் சொல்லை எழுதும்போதே பாலையும் பக்கத்தில் குறித்துக்கொள்வதுதான் வழி.

புள்ளி ஏன் எழுத்து

இப்போது நான் அழித்த 108 புள்ளிக்கு வருகிறேன். அதன் பெயர் விசர்க்கம். மூச்சை லேசாக விட்டு ‘ஹ’ மாதிரிச் சொல்லவேண்டும். நம: என்பது ‘நமஹ’ என்று காதில் விழுவது அதனால்தான். ஆனால் அது ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்கிற எழுத்து இல்லை. அடுத்து யார் வருகிறார் என்று பார்த்து முகத்தை மாற்றும். ‘தே’ (உனக்கு) வந்தால் நம: + தே = நமஸ்தே. ‘சிவாய’ வந்தால் நமச்சிவாய. இன்னொரு ‘நம:’ வந்தால் நமோ நம:. மூன்றும் ஒரே சொல். நமச்சிவாய என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த நான், அந்த ‘ச்’ எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விசர்க்கத்தை அழித்தால் மாறுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

இதுதான் சந்தி. நம்முடைய புணர்ச்சி. மலை + அகம் = மலையகம் என்று எழுதும்போது இரண்டு உயிர் மோதாமல் நடுவில் ஒரு ‘ய்’யை விடுகிறோம். சமஸ்கிருதத்துக்கு அந்தப் பழக்கம் குறைவு. இரண்டு உயிரும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். பாடசாலைப் பெயர்ப்பலகையில் இருக்கிற வித்தியாலயம், வித்யா + ஆலயம். இரண்டு ஆவும் சேர்ந்து ஒரே ஆ. ஜனாதிபதி என்பது ஜன + அதிபதி. அ + அ = ஆ. திருவிழா நோட்டீஸின் தலைப்பில் நான் நூறு தடவை அடித்திருக்கும் ‘மகோற்சவம்’, மஹா + உத்ஸவம். ஆ + உ = ஓ. சூரியோதயமும் சர்வோதயமும் இதே கணக்கு. மகேஸ்வரன் என்பது மஹா + ஈஸ்வரன். ஆ + ஈ = ஏ. இந்த மூன்று விதி போதும், பாதி நோட்டீஸை உடைத்துவிடலாம். மீதி விதிகளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சந்தி அத்தியாயத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் வாசிப்பேன் என்று உட்காராதீர்கள். அது முடியாது.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. சமஸ்கிருதத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் நாலு. தமிழ் எழுத்தில் ஒன்றுதான். அதனால் தமிழில் எழுதினால் சில சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பாட்டி சொன்ன கதையும் கதை, அனுமார் தோளில் இருக்கும் ஆயுதமும் கதை. மூலத்தில் ஒன்று கதா², மற்றது க³தா³. உடம்பின் பலம் ப³ல, பழம் என்ற பலம் ப²ல. சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போடுவது இதற்காகத்தான். கடையில் அந்த எண்களையும் ஒரு நாள் அடிக்குறிப்பு என்று நினைத்து அழிக்கப் போனேன். நல்லவேளை, அதற்குள் விசர்க்கம் பாடம் புகட்டியிருந்தது.

இங்கே மலையகத்தாருக்கு ஒரு வசதி உண்டு. சிங்கள எழுத்தில் இந்த நாலும் தனித்தனியாக இருக்கின்றன. இலங்கையில் சமஸ்கிருத நூல்களைச் சிங்கள எழுத்திலேயே அச்சடித்து வாசித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். தேவநாகரி மட்டும்தான் சமஸ்கிருத எழுத்து என்பது பிற்கால எண்ணம். சிங்களப் பலகை வாசிக்கத் தெரிந்தவர் பஸ்ஸில் மதகுருமாருக்கான ஆசனத்துக்கு மேலே ‘பூஜ்ய பக்ஷ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார். இரண்டும் சமஸ்கிருதச் சொற்கள். ஜனாதிபதியின் ‘தி’ மூச்சுக்காற்றோடு வரும் நாலாவது த என்பது தமிழ்ப் பலகையில் தெரியாது, சிங்களப் பலகையில் தெரியும். ஆனால் சிங்களம் பேசுகிறவர்கள் அந்தக் காற்றை இப்போது உச்சரிப்பதில்லை. ஆகவே எழுத்தைப் பலகையிலும் ஒலியைக் குருக்களிடமும் கற்கலாம். தேவநாகரியைப் பிறகு படியுங்கள். தினமும் அரை மணி நேரம் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் கைவந்துவிடும். அகராதிக்கும் இணையத்துக்கும் அது வேண்டும்.

தெரிந்த சொல் என்று நம்பி விழும் குழிகளும் உண்டு. ‘அவசரம்’ தமிழில் விரைவு. சிங்களத்தில் அனுமதி. சமஸ்கிருதத்தில் சந்தர்ப்பம், வாய்ப்பு. ‘உத்தியோகம்’ அங்கே முயற்சி, சம்பளம் கிடையாது. ‘சம்சாரம்’ என்று நம் பக்கத்தில் மனைவியைச் சொல்வோம். அங்கே அது பிறந்து இறந்து பிறக்கும் சுழல். இதில் எது சரியான பொருள் என்று என் மச்சானுக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுதமுடியாது.

கையில் என்ன வைத்துக்கொள்வது

ஒரு கொப்பி போதும். இடப்பக்கம் கேட்ட சொல், வலப்பக்கம் உடைத்த சொல், ஓரத்தில் பாலும் வேற்றுமை எண்ணும். அகராதிக்கு, 1899இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸின் பெரிய சமஸ்கிருத அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது ஒரு சுமைதான். இன்னொரு சிக்கல்: ‘கச்சதி’ என்று தேடினால் சுலபத்தில் அகப்படாது. வினைச்சொற்கள் வேரின் கீழே இருக்கும், இதன் வேர் ‘கம்’. முதல் மாதம் அகராதியோடு சண்டை வரும். வேரைப் பிடிக்கக் கற்றதும் சண்டை தீரும்.

பத்து நாளில் சமஸ்கிருதம் பேசலாம் என்று சொல்லும் வகுப்பு ஒன்றுக்கு நானும் பணம் கட்டினேன். பத்தாம் நாள் ‘என் பெயர் இது, உன் பெயர் என்ன’ என்று கேட்க முடிந்தது. ஹட்டனில் யாரிடம் கேட்பது? எனக்குப் பயன்பட்டது பதவுரை. மூலச் சொல், பக்கத்திலேயே அதன் பொருள், அப்படிச் சொல் சொல்லாகப் போகும் உரை. சிங்களத்தில் இதைச் ‘சன்ன’ என்பார்கள். இதன் வலிமைக்கு இலங்கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சீதை கவரப்பட்ட கதையைச் சொல்லும் ஜானகீஹரணம் என்ற சமஸ்கிருத காவியம், குமாரதாசர் எழுதியது. மூலம் கைக்கு எட்டாதிருந்த காலத்தில், சிங்களத்தில் எழுதப்பட்டிருந்த சன்னவிலிருந்து சொற்களை எடுத்துக் கோத்தே காவியத்தின் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டி 1891இல் ஒரு பௌத்த பிக்கு அச்சிட்டார். பதவுரையிலிருந்து ஒரு காவியத்தையே எழுப்பலாம் என்றால், நாலு வரிச் சுலோகம் படிக்க முடியாதா?

சீதை என்றதும் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதை கோயில் இருக்கும் சீதா எலியவும் நினைவுக்கு வருகிறது. சீதா என்ற சொல்லுக்கு உழுத சால் என்று பொருள். ஜனகர் உழும்போது சாலில் கிடைத்த பிள்ளை. அகராதியில் அதைப் பார்த்த நாளில்தான், தெரிந்த பெயர்களுக்குள் தெரியாத பொருள் எவ்வளவு கிடக்கிறது என்று ஆர்வம் பிடித்தது. நகர என்ற சமஸ்கிருதச் சொல்தான் தேய்ந்து நுவர ஆகி நுவரெலியாவின் முன்பாதியாக நிற்கிறது. சிவனொளிபாதமலையைச் சிங்களத்தில் ஸ்ரீபாத என்கிறார்கள். ஸ்ரீ, பாத, இரண்டும் அங்கிருந்தே வந்தவை. பஸ்ஸில் போகும்போது ஊர்ப்பெயர்களை உடைத்துக்கொண்டே போவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. சிலது உடையும், பலது உடையாது. உடையாததை வலிந்து உடைக்கக்கூடாது என்பதையும் அடி வாங்கித்தான் கற்றேன்.

ஓரளவு சொற்கள் சேர்ந்ததும் சொந்தமாக வாக்கியம் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நான் முதலில் எழுதியது இது: ‘மாதா பர்வதே பத்ராணி சினோதி.’ சினோதியின் முதல் எழுத்தைப் ‘பச்சை’யில் வரும் ச மாதிரி அழுத்திச் சொல்லவேண்டும். மாதா, முதலாவது. பர்வதே, மலையில், ஏழாவது. பத்ராணி, இலைகளை, இரண்டாவதின் பன்மை, நபும்சகம். சினோதி, பறித்துச் சேர்க்கிறாள். சொற்களை மாற்றிப் போட்டு ‘பத்ராணி மாதா பர்வதே சினோதி’ என்றாலும் பொருள் மாறாது. ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைத் தன் வாலில் சுமந்துகொண்டிருக்கிறது, தமிழில் மாதிரியே.

அன்று சாயங்காலம் அம்மா கூடையை இறக்கிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது வாசித்துக் காட்டினேன். பொருளும் சொன்னேன். கேட்டுவிட்டு, “எத்தன கிலோன்னு அதுல இல்லையே?” என்றார்.

அன்றைய கொழுந்து பதினெட்டுக் கிலோ. பதினெட்டுக்கு அஷ்டாதச என்று தெரியும். ஆனால் எண்ணுப்பெயருக்கும் வேற்றுமை உண்டா? கொப்பியைத் திரும்பத் திறந்தேன்.